அறுபது சைஸ் போர்

அன்றைக்குக் காதர் பாயின் பழைய இரும்புக் கடையில் இருந்தவர்கள் நாலு பேர். கடைக்காரரான காதர் பாய், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஆறுமுகம், பக்கத்து லேத் பட்டறையிலிருந்து அளவு பார்க்க வந்த லேத்காரர், அப்புறம் நான். பக்ரீதுக்காக வாங்கிக் கட்டியிருந்த ஆட்டையும் சேர்த்தால் ஐந்து. ஆட்டைச் சேர்ப்பது விளையாட்டுக்கு இல்லை. நாங்கள் நாலு பேரும் பேசி முடிவெடுத்தபோது, எதிலோ சந்தேகம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றது அது ஒன்றுதான். இருந்திருக்க வேண்டிய ஆள் செங்கோடண்ணன். காரும் அவருடையது, பணமும் அவருடையது. அவர் அங்கே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து இப்படித் தலை எண்ண வைத்தது போன வாரம் பஸ் ஜன்னலில் தெரிந்த ஒரு தகரம். ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் போய்க்கொண்டிருந்தேன். சாதாரணமாக அந்த வழியில் நான் போவதில்லை. சுற்று என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு ஏறின பிறகுதான் பஸ்ஸின் போர்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம். ரோட்டோரக் காடு ஒன்றில் வெள்ளை பெயிண்ட் உரிந்த அம்பாசிடர் காரின் பானெட் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் நாலு கருங்கல். பஸ் தாண்டிப் போய்விட்டது. அது எதை மூடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் எனக்கு மேலே எழுத வராது.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் கையில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. மண்ணெண்ணெயைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். அப்போதும் அடித்தது.

மண்ணெண்ணெய் வாசனை என்றால் எனக்குப் பாய் கடைதான். சேலத்தில் அந்தச் சந்துக்குள் திரும்பும்போதே மண்ணெண்ணெயும் கருகின என்ஜின் ஆயிலும் கலந்து மூக்கில் ஏறும். எந்தக் காரின் எந்த உறுப்பாக இருந்தாலும் பாய் முதலில் அதை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டிவிட்டுத்தான் விலை சொல்வார். அழுக்கோடு விற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கணக்கு. அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. என்ஜின் சாமான் வாங்கினால் பாதிக்கு மேல் கையில் கொடுத்தால் போதும். மீதியை என்ஜின் மாட்டி, ஸ்டார்ட் ஆகி, அதன் சத்தத்தை அவர் காதால் கேட்ட பிறகுதான் வாங்குவார். "உறுமினா குடு, போதும்" என்பார். ஃபோனைக் காரின் முன்னால் பிடித்துச் சத்தத்தைக் கேட்க வைத்து மீதிப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். உறுமாத இரும்புக்குக் காசு வாங்கினால் அது தங்காது என்பது அவர் நம்பிக்கை.

எனக்கு அந்த வாசனை ஒட்டினது பள்ளிக்கூடம் விட்ட வருஷம். ஒன்பதாவது முழுப்பரீட்சை ரிசல்ட் ஒட்டுகிற அன்று காலையில் எனக்குப் பயமாக இருந்தது. போகவில்லை, நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாளும் அதே பயம். அதற்கடுத்த வாரம் நாமக்கல்லில் லாரி, ரிக் வண்டி ஸ்பேர் விற்கும் கடையில் சேர்த்துவிட்டார்கள். நான் பாஸா, ஃபெயிலா என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் கேட்டால் பாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடையில் என்னுடைய பயம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது, நம்புவீர்களா தெரியவில்லை. பேரிங் கேட்டு வருகிறவரிடம் "முன் வீல்தானுங்களே?" என்று கேட்பேன். ஆமாம் என்பார். எடுத்து வந்து கையில் கொடுக்கும்போது "முன் வீலுக்குத்தானே கேட்டீங்க?" என்று இன்னொரு தரம் கேட்பேன். இதனால் தப்பான சாமான் போய்த் திரும்பி வந்ததே கிடையாது. எனக்கு "ரெண்டுதரம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ரெண்டுதரத்தக் கூப்புடு" என்றால் நான் போய் நிற்க வேண்டும். வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற விஷயம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெயரும் மாறியிருக்கும்.

செங்கோடண்ணன் அந்தக் கடைக்கு வந்து பழக்கமானவர். ஆட்டையாம்பட்டிப் பக்கம் மூன்று ஏக்கர், அறுபத்து மூன்று தென்னை. கிணற்று மோட்டாருக்கு என்ன வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார். உறவு ஒன்றும் இல்லை. ஆனால் "சாமி" என்று அவர் கூப்பிட்டால் பெற்றவரே கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கடையை விட்டு வெளியே வந்து, பழைய காருக்குச் சாமான் தேடித் தருகிற தரகை நானாகவே செய்ய ஆரம்பித்தபோது எனக்குத் தைரியம் சொன்னவரும் அவர்தான். "பயந்தவன் யாவாரம் கெடாது சாமி" என்றார்.

அவர் அப்பா வாங்கின அம்பாசிடர், மார்க் டூ, மாட்டுச் சாளைக்குள் பதினைந்து வருஷமாக நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்தது. சரசக்கா, அதாவது அண்ணனின் சம்சாரம், முட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் "கார்ல ஏறிட்டு வாரேன்" என்பார். அது அப்படியே நின்றிருக்கலாம். சும்மா இருந்த என் வாய் சும்மா இருக்கவில்லை. சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பழைய கார், மேலெல்லாம் மல்லிகைச் சரம். வாடகை எவ்வளவு என்று டிரைவரிடம் விசாரித்தேன். கேட்ட தொகையைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். "முகூர்த்த மாசத்துல மட்டும் ஓடுனாப் போதுமுங்கண்ணா" என்று சொன்னது நான்தான். வேறு யார்மேல் பழி போடலாம் என்று பல தடவை தேடிப் பார்த்திருக்கிறேன். ஆள் கிடைக்கவில்லை.

அது மழை பொய்த்த வருஷம். கிணற்றில் பாறை தெரிந்தது. சரசக்கா போர் போட வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் போர் போடுவது என்றால் ரிக் வண்டியைக் கொண்டுவந்து ஆழ்துளைக் கிணறு தோண்டுவது. திருச்செங்கோட்டு ரிக்காரர்களை எனக்கு ஸ்பேர் விற்ற பழக்கம், அதனால் வண்டி பேசுகிற வேலையும் என் தலையில்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு எருமை விற்ற பணமும் தேங்காய்ப் பணமுமாக அண்ணனிடம் இருந்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். காருக்கும் போருக்கும் அது ஒன்றுதான். அண்ணன் முதலில் கார் என்று முடிவு செய்தார். வாடகை வந்தால் அதில் போர் போட்டுக்கொள்ளலாம், மரம் அதுவரைக்கும் தாங்கும் என்றார். பணத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

"என்ற ஊட்டுல இருந்தாக் கரைஞ்சு போவும். நீ பயந்தாங்கொள்ளி. உன்கிட்ட இருக்கறது பேங்குல இருக்கற மாதிரி."

சரசக்கா உள்ளேயிருந்து, "பேங்கு வேர்த்து ஊத்துது, அதுக்கு ஒரு மோரக் குடுங்க" என்றார். எனக்கு நிஜமாகவே வேர்த்திருந்தது.

அந்தப் பணம் பத்து நாள் எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் இருந்தது. பத்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. என் மனைவி சோற்றுக்கு அரிசி எடுக்கப் போனால் கூடவே போய் நிற்பேன்.

காரை டெம்போவில் ஏற்றி ஆறுமுகம் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். ஏற்காடு மலை இறங்கி வரும் கார்களின் பிரேக் தீய்ந்த வாசனை எந்நேரமும் அடிக்கிற ஷெட் அது. என்ஜினைக் கழற்றிப் பாய் கடைக்குக் கொண்டுவந்தோம். ஏனென்றால் அங்கேதான் மாற்றுக்கு வேறு இரண்டு என்ஜின் இருந்தன. இப்படித்தான் அந்த நாள் வந்தது.

ஒன்று, டாக்ஸியிலிருந்து இறக்கின டீசல் என்ஜின். அப்படியே ஓடுகிற நிலை. ஆறுமுகம் அதன்மேல் கை வைத்துக்கொண்டு, "இதப் போடு, கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றான். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் உட்கார்ந்து பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு போகிற மாதிரிதான் தெரிந்தது. நாதஸ்வரத்துக்கு மேலே டடடட என்று சத்தம். ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருப்பதை டீசல் என்று மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும். ஆபீஸ் என்று நினைத்தாலே எனக்கு ஒன்பதாம் வகுப்பு ரிசல்ட் பயம் வந்துவிடும்.

"டீசல் வேணாம்பா" என்றார் பாய். "வயசான மனுசனுக்கு ஜல்லிக்கட்டுக் காளையோட இருதயத்த வச்சா என்னத்துக்கு ஆவும்?"

"உங்ககிட்ட பெட்ரோல் என்ஜின் விக்காம கெடக்குது, அதனால சொல்றீங்க" என்றான் ஆறுமுகம்.

"கெடக்குதுதான். அதுக்காகப் பொய் சொல்லுவனா? டீசலும் என்னுதுதானப்பா."

இரண்டாவது, ஆத்தூர்ப் பக்கம் ஒரு டாக்டர் வைத்திருந்த காரின் பெட்ரோல் என்ஜின். நம் காரில் இருந்த அதே ஜாதி. கிராங்க், ஹெட், கார்பரேட்டர் எல்லாம் கண்ணாடி மாதிரி. ஆனால் பிளாக்கில் அடித்த நம்பர் வேறு. புத்தகத்தில் இருக்கிற நம்பரும் பிளாக்கில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்பரை ராவிவிட்டுப் புதிதாக அடித்துக் கொள்ளலாமே என்று ஒரு பேச்சு வந்தது. யார் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கு உடனே கையில் விலங்கு மாட்டின மாதிரி மணிக்கட்டு அரித்தது.

கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். டாக்டர் என்ஜினின் கிராங்க், ஹெட் மற்ற சாமானெல்லாம் எடுத்துக்கொள்வது. பிளாக் மட்டும் நம்முடையதே. நம்பரும் தப்பாது, சட்டமும் தப்பாது. எல்லோரும் சரி என்றார்கள். என் வாழ்க்கையில் நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் சொன்னதை மற்ற மூன்று பேரும் சரி என்றது அதுதான் முதல் தடவை. ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன். அதற்குள் ஆடு பிஸ்டன் அட்டைப் பெட்டியின் மூடியைத் தின்றிருந்தது.

அப்போதுதான் லேத்காரர் நம் பிளாக்கின் சிலிண்டருக்குள் அளவுக் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சிலிண்டர் தேய்ந்தால் உள் சுவரை லேத்தில் சீவி அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போடுவார்கள். பட்டறை பாஷையில் அதற்கும் போர் போடுவது என்றுதான் பெயர். முதலில் இருபது சைஸ், அடுத்தது நாற்பது, கடைசி அறுபது. நம் பிளாக் ஏற்கெனவே நாற்பது பார்த்திருந்தது. இனி அறுபதுதான். அதற்கு மேல் சீவச் சுவர் கிடையாது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடும்.

"தண்ணி வந்துருமா?" என்று கேட்டேன்.

"வரலாம். வராமலும் போலாம். சீவிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் லேத்காரர்.

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா வந்துச்சு."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எப்படி முடிவெடுப்பேன். சொந்தக்காரரைக் கேட்டுவிடலாம் என்று ஃபோனை எடுத்தேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஆட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணன் காட்டில் இருந்தார், காற்றுச் சத்தம் கேட்டது.

"அண்ணா, நாந்தானுங்க. போர் போட்டுரலாமான்னு கேக்கறாங்க."

"அதுக்குள்ள உன்ற காதுக்கு வந்துருச்சா? போட்டுரு சாமி. காலையிலிருந்து உங்கக்காளும் அதையேதான் சொல்லிட்டிருக்கறா."

சரசக்காவுக்குச் சிலிண்டரைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது நிஜம். ஆனால் அவருக்குத் தெரியாதது எது என்றும் தோன்றியது.

"கடேசி வரைக்கும் போயிரலாங்கறாங்க. போலாமுங்களா?"

"எவ்வளவு போவுதோ போவட்டும். பாதியில நிறுத்தீராத."

"தண்ணி வந்துருமோன்னுதான் எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா."

அண்ணன் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அபூர்வம்.

"தண்ணி வந்தாப் பயமா? அட, நல்லாப் பயந்த போ. தண்ணி வாறதுக்குத்தானே சாமி போர் போடறது."

நானும் சிரித்தேன். விவசாயி இல்லையா, விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஃபோனை வைத்துவிட்டு வந்து, "அண்ணன் சரின்னுட்டாருங்க" என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் நம்பரை அழுத்தப் போனேன். ஆறுமுகம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம். இன்னொருக்காக் கேட்டியானா, என்ஜின வித்துட்டு மொதல்ல உனக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுவாரு."

பாய் சிரித்தார். லேத்காரர்கூடச் சிரித்தார். கூட்டத்தோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டு ஃபோனைச் சட்டைப் பையில் போட்டேன். பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் இரண்டு தரம் கேட்டவன், அன்றைக்கு ஒரு தரத்தோடு நிறுத்தினேன். அந்த ஒரு நாள் நான் மற்றவர்களைப் போல இருந்தேன்.

பாய்க்குப் பேசின விலை அறுபத்து மூவாயிரத்து ஐநூறு. நாற்பத்தையாயிரம் கொடுத்தேன், மீதி அவர் வழக்கப்படி. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் வாங்கினேன். மறுநாள் போர் போட்டார்கள். கிராங்கைச் சீவினார்கள், ஹெட்டைத் தேய்த்து மட்டம் பண்ணினார்கள். மூன்றாம் நாள் பிளாக்கின் தண்ணீர்ப் பாதையை அடைத்து, உள்ளே தண்ணீரை அழுத்திப் பார்த்தார் லேத்காரர். நான் டார்ச் அடித்தேன். மூன்றாவது சிலிண்டரின் பளபளப்பான சுவரில், கடுகு அளவு ஒரு முத்து. துடைத்தார். மறுபடியும் வந்தது. துடைத்தார். வந்தது.

"வந்துருச்சு" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. செங்கோடண்ணன்.

"ஏஞ்சாமி, வண்டி எப்ப வருது?"

"இன்னும் ஒரு மாசமாவது ஆகுமுங்கண்ணா."

"ஒரு மாசமா? மரம் தாங்காது சாமி. நேத்து இன்னும் ரெண்டு கொண்டை சாஞ்சுருச்சு."

மரத்துக்கும் இதற்கும் என்ன என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கண்ணில் அந்த முத்துதான் இருந்தது. மறைக்கக் கூடாது, கேட்கிறபோதே சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அண்ணா, தப்பாப் போச்சுங்கண்ணா. போர் போட்டதுல தண்ணி வந்துருச்சுங்க."

"என்ன சாமி?"

"தண்ணி வந்துருச்சுங்கண்ணா."

"வந்துருச்சா?" என்றார். அந்தக் குரலை நான் எப்படி எழுதுவேன். "எங்க சாமி? யாரு காட்டுல? வண்டியே இன்னும் நம்ம காட்டுக்குள்ள வல்லியே."

பின்னால் சரசக்காவின் குரல் கேட்டது. "என்னங்க, தண்ணியாமா? தண்ணி வந்துருச்சாமா?"

அவர் கேட்டது ரிக் வண்டி. நான் சொன்னது கார். எனக்கு உறைத்ததும் அண்ணனுக்கு உறைத்ததும் ஒரே நேரம் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை. சரசக்கா மட்டும் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மிச்சம் இருந்த நாற்பத்து நாலாயிரத்தை எடுத்துக்கொண்டு போனேன். ரிக் வண்டி நுழைவதற்காகக் கிளுவை வேலியை வெட்டி இருபதடி வழி விட்டிருந்தார்கள். நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்து இடம் குறித்து, மூன்று கல் நட்டு, மஞ்சள் பூசி, பூ வைத்திருந்தார்கள். பூ வாடிப்போயிருந்தது. மூன்று நாளாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஃபோன் பண்ணின அன்று காலையில்தான் சரசக்கா சண்டை போட்டு, கார் வேண்டாம், போர்தான் என்று அண்ணனை ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். "நானே தம்பிகிட்டப் பேசிக்கறேன்" என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பேசுவதற்குள் நான் பேசிவிட்டேன். அக்கா சொல்லித்தான் நான் கேட்கிறேன் என்று அண்ணன் நினைத்துவிட்டார்.

பாயிடம் சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்காதீர்கள். வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் பாய் சொன்னார். சீவின கிராங்கை, தேய்த்த ஹெட்டை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று நான் வழி முழுக்கத் தயாராகிக்கொண்டு போயிருந்தேன், என்னென்ன வார்த்தை வரும் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். "உக்காரு சாமி" என்றார். சரசக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். மிச்சப் பணத்தை நான் அதன் பக்கத்தில் வைத்தேன். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தவர், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எதையும் ரெண்டு தரம் கேக்கறவனாச்சே சாமி நீ."

அவ்வளவுதான் அவர் சொன்னது.

நடுவில் ஒரு மாதம் போனது. அந்த மாதத்தில் அடுத்த காட்டுக்காரர், வரப்பிலிருந்து நாற்பதடி தள்ளிப் போர் போட்டார். நல்ல தண்ணீர். அதற்கப்புறம் அண்ணன் கடன் வாங்கி, மஞ்சள் பூசின அதே இடத்தில் போட்டார். ரிக் வண்டியை நான்தான் பேசிவிட்டேன். ஒன்றுக்கு மூன்று தரம் ஃபோன் பண்ணிக் கேட்டுக்கொண்டேன். எண்ணூற்று எழுபது அடி. வெள்ளைப் புழுதி கிளம்பி அண்ணன் தலை, மீசை, தென்னை ஓலை எல்லாம் மாவு அப்பின மாதிரி ஆனது. ஈரம்கூட வரவில்லை. முதலிலேயே போட்டிருந்தால் அந்த நீரோட்டம் இங்கே பிடித்திருக்கும் என்று ரிக்காரர்களில் ஒருவர் சொன்னார். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று இன்னொருவர் சொன்னார். நான் வருஷக்கணக்காக இந்த இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நம்பிக்கொண்டிருக்கிறேன். பகலில் இரண்டாமவர். படுத்தால் முதலாமவர்.

அந்தக் கோடையில் அறுபத்து மூன்றில் ஐம்பத்தொரு மரம் போனது. தென்னை சாகும்போது ஒரேயடியாக விழாது. கொண்டை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, தலை தொங்கின ஆள் மாதிரி நிற்கும். பிறகு கொண்டை விழுந்து வெறும் கம்பம் நிற்கும். நான் ஒவ்வொரு தடவை போகும்போதும் கம்பங்களை எண்ணுவேன். செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்தார்கள். கடனுக்காக இரண்டு ஏக்கர் மனையாகப் போனது, இப்போது அதில் கலர் கல் நட்டிருக்கிறது. காரின் உடம்பை எடைக்குப் போட்டார்கள். நாய், பிள்ளை விழுந்துவிடப் போகிறது என்று அந்தப் போர்க் குழியை மூட ஏதாவது வேண்டியிருந்தது. சரசக்காதான் பானெட்டை மட்டும் எடைக்காரரிடமிருந்து திரும்ப வாங்கி வைத்ததாகச் சொன்னார்கள்.

நான் பஸ்ஸில் பார்த்தது அதுதான்.

அண்ணன் கணக்கில் நான் செலவழித்திருந்த எழுபத்தாறாயிரத்தை நாலு வருஷத்தில் கொண்டுபோய்க் கொடுத்துத் தீர்த்தேன். சரசக்கா வாங்கி முந்தியில் முடிந்துகொள்வார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். இப்போது இரண்டு பேரும் திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் ஒரு மில்லில் கேட் பார்க்கிறார் என்று கேள்வி. ஃபோன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நம்பரை எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

என்ஜின் என் வீட்டுப் பின்புறம் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற இரும்பு உறை அடித்தால் ஓட வைத்துவிடலாம் என்று ஆறுமுகம் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறான். ஓட வைத்து எதில் மாட்டுவது? பாய் போன வருஷம் மௌத்தானார். இருந்தவரைக்கும் மூன்று தரம் மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று தரமும், "உறுமுச்சா? உறுமட்டும், வாங்கிக்கறேன்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நாற்பதாம் நாள் கழித்து அவர் மகனிடம் கொண்டுபோனேன். கடை இருந்த இடத்தில் கார் கழுவுகிற ஷெட். சோப்பு நுரை வாசனை. மண்ணெண்ணெய் எங்குமே அடிக்கவில்லை.

"அத்தா சொல்லிட்டுத்தாங்க போனாரு" என்றார் மகன். "அந்த அம்பாசிடர்க்காரர் வருவாரு, உறுமாம வந்தா வாங்கிறாதன்னு."

"அது உறுமாதுங்க."

"அப்ப எனக்கு ஒண்ணும் வரவேண்டியதில்லீங்களே."

பணத்தைத் திரும்ப எடுத்து வந்து அரிசி டிரம்முக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நேற்றும் எண்ணினேன். வழக்கம்போல இரண்டு தரம். இரண்டு தரமும் பதினெட்டாயிரத்து ஐநூறு.